பழைய இத்தாலிய ஃப்ளோர் லேம்ப் வாங்குமுன் துடைப்பக் கட்டையை நுழைத்துப் பாருங்கள்

மிலானில் நவிலியோ கிராந்தே கால்வாய்க்கரையில் மாதக் கடைசி ஞாயிறு பழம்பொருள் சந்தை கூடும். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் அங்கே ஒரு பித்தளை விளக்கு வாங்கினேன். ஆளுயரம், மூன்று கை, மூன்று கலரில் ஷேடு, அடியில் வட்டமான மார்பிள். விற்றவர் "அர்ரெதோலூச்சே" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்தப் பழைய விளக்கு நிறுவனத்தின் பெயரை எங்கோ படித்திருந்தேன், அது போதும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒயர் மாற்றலாம் என்று பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கல்லில் இருந்த ஓட்டை பெரிது, தண்டின் மரை சிறிது, நடுவில் இருந்த இடைவெளியை அடைக்கப் பிளம்பர் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை நாலைந்து சுற்று சுற்றியிருந்தார்கள். மூன்று கைகளில் இரண்டுக்கு மூட்டு ஒரு மாதிரி, மூன்றாவதற்கு வேறு மாதிரி. மூன்று விளக்கை வெட்டி ஒரு விளக்காக ஒட்டியிருக்கிறார்கள், மாங்கன்றுக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. விளக்கு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, நன்றாகத்தான் எரிகிறது. கொடுத்த விலையை மட்டும் மனைவியிடம் இன்றுவரை சரியாகச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பெயரைக் கேட்கும் முன்னால் ஒவ்வொரு உறுப்பையும் காட்டி "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். 1950, 60களில் இத்தாலியில் செய்த நல்ல விளக்குகளில் காரணம் இல்லாமல் ஒரு திருகாணிகூட இருக்காது. காப்பி அடிப்பவர் உருவத்தைப் பார்த்து அடிப்பார். காரணம் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்குச் செலவாகும் என்று விட்டுவிடுவார். மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான். இந்தப் பழக்கத்துக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு ஃபிரிட்ஜ் காந்தம், டார்ச், அளக்கும் டேப், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், இவ்வளவு இருந்தால் போதும்.

ஆர்கோவில் கை பழக்குங்கள்

பழகிக்கொள்ள ஆர்கோவை விட நல்ல விளக்கு கிடையாது. எங்கும் கிடைக்கும், எங்கும் காப்பியும் கிடைக்கும். அக்கில்லே காஸ்திலியோனி, பியர் ஜாக்கோமோ காஸ்திலியோனி என்ற மிலான் சகோதரர்கள் 1962ல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காகச் செய்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே வெளிச்சம் விழவேண்டும், ஆனால் கூரையில் ஓட்டை போடக்கூடாது, மேசையை நகர்த்தினால் விளக்கும் கூட வரவேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இதுதான். விடை தெருவிலேயே இருந்தது. தெருவிளக்குக் கம்பம் ஓரத்தில் நிற்கும், வெளிச்சம் நடுரோட்டில் விழும், அவ்வளவுதானே.

கம்பத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வேறு கணக்கு வருகிறது. வளைவு இரண்டு மீட்டர் அளவுக்கு நீளவேண்டும், இல்லையென்றால் நாற்காலிக்குப் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க இடம் இருக்காது. அவ்வளவு தூரம் நீட்டினால் விளக்கே கவிழும், அதற்கு எதிர்ப்பக்கம் கனம் வேண்டும். அதற்குத்தான் கர்ராரா மார்பிள், சுமார் 65 கிலோ. பணக்காரத்தனம் காட்ட வைத்த கல் இல்லை அது, கொஞ்ச இடத்தில் நிறைய எடை வேண்டும் என்பதற்காக வைத்த கல். 65 கிலோவை யார் தூக்குவது? அதற்குத்தான் கல்லின் குறுக்கே ஒரு ஓட்டை, ஒரு துடைப்பக் கட்டையைச் சொருகி ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிடலாம். நடக்கும்போது காலில் இடிக்கும் என்று விளிம்பு மூலைகளைச் சீவிவிட்டிருக்கிறார்கள்.

இப்போது சந்தையில் ஒரு ஆர்கோ முன்னால் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். முதலில் அந்த ஓட்டை. காப்பிகளில் சிலதுக்கு ஓட்டையே இருக்காது, சிலதில் பென்சில் நுழையும், கட்டை நுழையாது, சிலதில் ஓரமாகக் குடைந்து வைத்திருப்பார்கள், கட்டையைச் சொருகித் தூக்கினால் கல் ஒரு பக்கம் புரளும். அப்புறம் கல்லின் நரம்பு. மேல்முகத்தில் ஓடும் சாம்பல் நரம்பு விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலும் இறங்குகிறதா என்று விரலை வைத்துப் பின்தொடருங்கள். உண்மையான கல்லில் நரம்பு உள்ளே வரை போகும், மூலையில் மடங்கி அடுத்த முகத்தில் தொடரும். மேலே ஒரு கோலம் பக்கத்தில் வேறு கோலம் என்றால் அது கல்தூளும் பிசினும் கலந்து வார்த்தது. உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்தாலும் தெரிந்துவிடும், கல் சில்லென்றே இருக்கும், பிசின் சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும்.

அப்புறம் காந்தம். ஆர்கோவின் ஷேடு, அந்தக் கவிழ்ந்த குடை, அலுமினியம், காந்தம் ஒட்டாது. பளபள குரோம் பூசிய இரும்புக் குடை என்றால் டக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். குடையைக் கொஞ்சம் கவனியுங்கள், எனக்கு இந்த விளக்கிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். அது ஒரே துண்டு இல்லை. மேலே ஓட்டைகள் போட்ட ஒரு தொப்பி, பல்பு சூடு வெளியேற. அந்தத் தொப்பியின் மேல் ஒரு அலுமினிய வளையம் சும்மா உட்கார்ந்திருக்கும், கையால் லேசாகத் தள்ளினால் சாயும், வளைவை ஏற்றினாலும் இறக்கினாலும் கண்ணில் வெளிச்சம் குத்தாமல் அதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மலிவுக் காப்பிகளில் இரண்டையும் சேர்த்து ஒரே கிண்ணமாக அடித்திருப்பார்கள். ஓட்டைகூட இருக்கும், ஆனால் வளையம் நகராது. வளைவும் மூன்று துண்டு, ஒன்றுக்குள் ஒன்று நகரும், ஒயர் உள்ளேயே போகும். துண்டுகளை இழுத்துப் பாருங்கள், கரகரவென்று மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும்.

சரி, எல்லாம் தேறிவிட்டது, அசல்தான். உடனே "1960களுடையது" என்று நம்பிவிடாதீர்கள். ஆர்கோ 1962 முதல் இன்றுவரை நிற்காமல் தயாராகிக்கொண்டிருக்கிறது, 2005ல் கடையில் வாங்கியதும் அசல்தான், ஆனால் அதற்குப் பழம்பொருள் விலை கொடுக்க வேண்டியதில்லை. வயதைச் சொல்வது லேபிளும் ஒயரிங்கும் பழைய பில்லும்தான். ஃப்ளோஸ் ஆரம்பித்தது மெரானோவில், பிறகு பிரேஷா பக்கம் போனது. லேபிளில் எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். லேபிளே இல்லை என்றால் புதிய ஆர்கோவின் கடை விலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குக் கீழே பேரம் பேசுங்கள்.

இந்தக் காப்பி விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது தெரியுமா? செமெராரோ என்ற இத்தாலிய நிறுவனம் ஆர்கோ சாயலில் ஃப்ளூயிதா என்ற விளக்கைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்து விற்க, ஃப்ளோஸ் வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பதிவு செய்த டிசைன் உரிமை காலாவதியாகிவிட்டது என்பதற்காக, பதிப்புரிமைக்குத் தகுதியுள்ள டிசைனுக்கு ஒரு நாட்டுச் சட்டம் அந்தப் பாதுகாப்பை மறுத்துவிட முடியாது என்பது அதன் சாரம். ஒரு மேசை விளக்கோ நாற்காலியோ ஓவியம் மாதிரி பதிப்புரிமை கேட்கலாம் என்ற பேச்சு ஐரோப்பாவில் வலுத்ததில் இந்தத் தெருவிளக்குக்கும் பங்கு உண்டு.

அதே கேள்வியை மற்றவற்றிடமும் கேளுங்கள்

அதே 1962ல் அதே சகோதரர்கள் செய்த தொயோவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் யாரோ பழைய இரும்புக் கடையில் பொறுக்கி ஒட்டியது போல இருக்கும், உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். தலையில் அமெரிக்கக் கார் ஹெட்லைட் பல்பு, 300 வாட். தண்டு நெடுக ஒயரைப் பிடித்துக்கொள்ள மீன் தூண்டிலில் நரம்பு ஓடும் வளையங்கள். அடியில் ஒரு டிரான்ஸ்பார்மர், பெட்டிக்குள் மறைக்காமல் அப்படியே வெளியே தெரியும்படி. அமெரிக்க பல்புக்கு 120 வோல்ட் பக்கம்தான் தேவை, இத்தாலிய வீட்டு மின்சாரம் 220. அதனால் டிரான்ஸ்பார்மர் கட்டாயம், கட்டாயம் என்று ஆனபின் அதுவே விளக்கு சாயாமல் பிடிக்கும் கனமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடியில் வைத்துவிட்டார்கள். வாங்கும்போது டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, மாற்றியிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். விளக்கைப் போட்டுவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். லேசான ரீங்காரம் சகஜம், வண்டு மாதிரி இரைந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த பல்பு மளிகைக்கடையில் கிடைக்கிற சாமானும் இல்லை, விலையும் அதிகம், ஆகவே கூட ஒரு உபரி பல்பு தருகிறாரா என்று கேளுங்கள்.

லுமினாத்தோர் இன்னும் எளிமை. 1950களின் நடுவில் இதே சகோதரர்கள் செய்தது, 1955ல் கொம்பாஸோ தோரோ என்ற இத்தாலிய டிசைன் விருது வாங்கியது. ஒரு நெட்டைக் குழாய், மூன்று மெல்லிய கால், உச்சியில் ஒரு பல்பு, வேறு எதுவும் இல்லை. ஷேடு கிடையாது, பல்பிலேயே கண்ணாடிப் பூச்சு இருக்கும், வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பும். குழாய் ஏன் அந்தத் தடிமன்? பல்பு ஹோல்டர் உள்ளே உட்கார எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, ஒரு மில்லிமீட்டர்கூட வீண் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் தப்பான ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம், ஹோல்டர் குழாய்க்குள் லொடலொடவென்று ஆடினால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பெயர்கூட இரவல்தான். 1933ல் பியெத்ரோ கியேசா ஃபொந்தானா ஆர்த்தே நிறுவனத்துக்குச் செய்த லுமினாத்தோர் என்ற விளக்குக்கு மரியாதையாக வைத்தது. ஏலப் பட்டியலில் வெறும் "லுமினாத்தோர்" என்று இருந்தால் எந்த லுமினாத்தோர் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் முற்றிலும் வேறு பொருள்.

ஷேடே இல்லாத இன்னொரு விளக்கு, தீத்தோ அன்யோலி 1954ல் ஓலூச்சே நிறுவனத்துக்குச் செய்தது. அடியில் டிராவர்டைன் கல், ஒரு ஒல்லிக் கம்பி, கம்பியில் மேலும் கீழும் நகரும் ஒரு பிடி, அதில் பல்பு. அந்த பல்பு சாதாரண பல்பு இல்லை, கோர்னாலக்ஸ் என்ற, ஒரு பக்கம் மட்டும் வெள்ளிப்பூச்சு உள்ள நீள பல்பு. 1965ல் ஜோ கொலம்போ அதே நிறுவனத்துக்குச் செய்த ஸ்பைடரும் இதே பல்பைச் சுற்றித்தான் கட்டப்பட்டது, அதற்கு 1967ல் கொம்பாஸோ தோரோ கிடைத்தது. இந்த இரண்டில் ஒன்றை வாங்குகிறீர்கள் என்றால் விளக்கை விட பல்பைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கவேண்டும். வேறு உருண்டை பல்பைப் போட்டால் எரியும், ஆனால் அன்யோலியின் விளக்கில் கண் கூசும், ஸ்பைடரில் அதன் தகட்டு மூடிக்குள் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

சர்ஃபாத்தி என்ற தனி உலகம்

ஜீனோ சர்ஃபாத்தி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேகரிப்பவர்கள் கடைசியில் வந்து விழுவது இவரிடம்தான். 1912ல் வெனிஸில் பிறந்தவர், எஞ்சினியரிங் படிக்கப் போய்ப் பாதியில் நின்றவர். 1939ல் மிலானில் ஆர்த்தேலூச்சே என்ற நிறுவனத்தைத் தொடங்கி அறுநூறுக்கு மேற்பட்ட விளக்குகளை வடிவமைத்தார், 1970களின் தொடக்கத்தில் அதை ஃப்ளோஸிடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். விளக்குகளுக்குப் பெயர் வைக்கிற பழக்கம் அவரிடம் பெரிதாக இல்லை, எண்தான். 1000 என்று தொடங்கினால் தரையில் நிற்பது, 2000 வரிசை கூரையில் தொங்குவது, 500, 600 என்றால் மேசை விளக்கு. யாராவது "சர்ஃபாத்தி ஃப்ளோர் லேம்ப், மாடல் 566" என்று விற்றால் அவருக்கே தான் என்ன விற்கிறோம் என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

1954ன் 1063ஐப் பாருங்கள். ஆளை விட உயரமான ஒரு டியூப் லைட், நேராக நிற்கும், பின்னால் ஒரு மெல்லிய மறைப்பு, கீழே கால். தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் மாட்டுகிற டியூப் லைட்டை அந்தக் காலத்தில் வரவேற்பறையில் நிற்க வைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். டியூப் லைட்டுக்கு சோக் வேண்டும், சோக் கனமான சாமான், அது அடிப்பகுதியில் போய் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொள்கிறது. தொயோவில் பார்த்த அதே யோசனை, ஆனால் எட்டு வருடம் முந்தியது. 2013ல் ஃப்ளோஸ் இதை எல்ஈடி போட்டு மறுபடி வெளியிட்டது, ஆகவே இப்போது இரண்டு விதமும் சந்தையில் சுற்றுகின்றன. விற்பவர் காட்டும் போட்டோவில் கீழே சோக் இருக்கும் பகுதியைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், அந்த ஒரு படத்தில் கதை முடிந்துவிடும்.

அர்ரெதோலூச்சே மோன்சாவில் ஆஞ்செலோ லெலி நடத்திய நிறுவனம். அவருடைய மூன்று கை விளக்கை த்ரியென்னாலே என்பார்கள், என்னிடம் உள்ள ஒட்டுக்கன்று அதன் பாவனைதான். இந்த மாடல் அளவுக்குக் காப்பியும் பாதிக்காப்பியும் வேறு எதற்கும் இல்லை. மூட்டைப் பாருங்கள். நல்லதில் கையைப் பிடித்து எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும், திருகை முறுக்கவே வேண்டாம். அறுபது வருடம் தேய்ந்தும் கை அங்கேயே நிற்கிறதென்றால் அதைக் கடைந்தவன் கைக்காரன். ஸ்தில்னோவோ, ப்ரூனோ கத்தா 1946ல் மிலானில் தொடங்கிய நிறுவனம், அதன் விளக்குகளில் பெரும்பாலும் ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் இருந்தால் அசல் என்று நினைக்காதீர்கள். ஹோல்டருக்குப் பக்கத்தில் ஐம்பது அறுபது வருடம் சூட்டில் கிடந்த காகிதம் பழுப்பேறி, நகம் பட்டால் உதிர்வதாக இருக்கவேண்டும். நேற்று ஒட்டிய மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தால் நேற்று ஒட்டியதுதான்.

விற்பவர் பேசும் பாஷை

இத்தாலிய விளம்பரங்களில் சில சொற்களுக்கு அகராதி அர்த்தம் ஒன்று, சந்தை அர்த்தம் ஒன்று. "அத்ரிபுயிதோ ஆ" என்றால் இன்னார் செய்ததாகக் கருதப்படுகிறது. யார் கருதுகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விற்பவர்தான் கருதுகிறார். "நெல்லோ ஸ்தீலே தி" என்றால் இன்னார் பாணியில். இது நேர்மையான சொல், இன்னார் செய்யவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். "மனிஃபத்தூரா இத்தாலியானா" என்றால் இத்தாலியில் யாரோ செய்தது. எனக்கு இந்த மூன்றாவது வகையை வாங்கத்தான் இஷ்டம். 1950களில் மிலானைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் பித்தளை கடைந்தன, பெயர் இல்லாமலே அருமையான வேலை செய்தார்கள். முதல் விளக்கு வாங்குகிறவர் பெயருக்கு நாலு மடங்கு கொடுப்பதை விட, பெயரில்லாத ஒன்றை வாங்கி, அதைப் பிரித்து, மாட்டி, அழுக்கெடுத்துப் பழகினால் கண் தானாகத் திறக்கும்.

எங்கே வாங்கலாம்? நவிலியோ சந்தையில் காலை எட்டுக்கே போனால் வியாபாரிகள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதைப் பார்க்கலாம், பத்தரைக்குப் போனால் சுற்றுலாக்காரர் விலை. அரேத்ஸோவில் மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்திய சனியும் பெரிய சந்தை, 1968லிருந்து நடக்கிறது. பார்மாவில் மெர்கான்தேஇன்ஃபியேரா வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். அங்கே நடந்தே கால் ஓய்ந்துவிடும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். ஏலம் என்றால் மிலானில் இல் போந்தே, ஜெனோவாவில் கம்பி, வெளியே போனால் சிகாகோவின் ரைட். வாங்காவிட்டாலும் இவர்களுடைய பழைய ஏல முடிவுகளைப் புரட்டுங்கள், எந்த விளக்கு உண்மையில் எவ்வளவுக்குப் போகிறது என்பது அங்கேதான் தெரியும். கடைக்காரர் ஒட்டியிருப்பது அவருடைய ஆசை விலை. ஏலத்தில் கேட்கும்போது சுத்தியல் விழும் விலைக்கு மேல் கால் பங்குக்குக் குறையாமல் கமிஷன் வரும் என்பதை முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெயித்த மகிழ்ச்சியில் அதை மறந்து, பில் வந்த அன்று இரவு சாப்பிடவில்லை.

இத்தாலிக்கு வெளியே எடுத்துப்போவதாக இருந்தால் ஒரு சட்டம் உண்டு. செய்தவர் காலமாகி, பொருளுக்கு 70 வயது தாண்டிவிட்டால் அது கலாசாரப் பொருள் கணக்கில் வரும். மதிப்பு 13,500 யூரோவுக்குக் கீழே என்றால் ஒரு சுய அறிவிப்பு போதும், அதற்கு மேலே என்றால் ஏற்றுமதி அலுவலக அனுமதி வேண்டும். 2017ல் இந்த வரம்பை 50 வருடத்திலிருந்து 70 ஆக்கினார்கள், அப்போது 1950களின் விளக்குகள் எல்லாம் தப்பித்தன, இப்போது ஒவ்வொரு வருடமாக உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. விற்பவரே அதற்கான தாள்களை ஏற்பாடு செய்து தரவேண்டும் என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வந்ததும் பிளக்கில் சொருகாதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய ஒயரின் மேல்தோல் ரப்பராக இருந்தாலும் துணி சுற்றியதாக இருந்தாலும் வளைத்துப் பாருங்கள், வெடித்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்தது. இந்தக் கால விளக்குகள் பலவற்றில் எர்த் கிடையாது, இரண்டே ஒயர்தான் ஓடும். முழுக்க உலோகத்தில் ஆன ஆளுயர விளக்கில் எர்த் இல்லை என்றால், உள்ளே ஒரு இடத்தில் தோல் உரிந்தாலே போதும், தண்டு முழுக்கக் கரண்ட். தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று ஒயர் போட்டு, எர்த்தை உடம்போடு இணைத்து, முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் மாற்றினால் விலை குறையாது. பழைய ஒயர், பழைய பிளக், பழைய சுவிட்ச் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு எழுதி வையுங்கள், நாளை விற்கும்போது அந்தக் கவருக்கே மதிப்பு உண்டு. முள் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும் பழைய இத்தாலிய பிளக் இருந்தால் கட்டாயம் வையுங்கள்.

புது ஒயரை உள்ளே இழுக்க ஒரு வழி. பழைய ஒயரை முழுசாக உருவிவிடாதீர்கள். அதன் நுனியில் புது ஒயரின் நுனியைச் சேர்த்துக் கட்டி, முடிச்சு தடிக்காமல் மேலே டேப் சுற்றி, ஒருவர் மேலிருந்து பழையதை இழுக்க இன்னொருவர் கீழிருந்து புதியதை ஊட்டவேண்டும். நான் முதல் தடவை ஆர்வத்தில் பழையதை உருவிப் போட்டுவிட்டு, ஒரு ஞாயிறு முழுக்க வளைந்த குழாய்க்குள் நூல் கட்டிய நட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பித்தளையைத் தேய்க்காதீர்கள். நம் கைக்கு இது கஷ்டம், குத்துவிளக்கைக் கண்டாலே புளியைத் தேடுகிற வம்சம். பழைய இத்தாலியப் பித்தளையின் மேல் பெரும்பாலும் லாக்கர் என்ற மெல்லிய பூச்சு இருக்கும், அதற்கடியில் பல வருடத்தில் ஏறிய தேன் நிறம், வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பது அந்த நிறத்துக்கும் சேர்த்துத்தான். புளியோ பிரஸ்ஸோ பாலிஷோ பட்டால் லாக்கர் திட்டுத்திட்டாகப் போய், நிறமும் போய், நேற்று கடைந்த மாதிரி ஆகிவிடும். பஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, துடைத்ததும் உலர்ந்த துணி, அவ்வளவு போதும். மார்பிளுக்கும் எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது, புளிப்பு பட்ட இடம் பளபளப்பு செத்து மங்கிவிடும். ஒயின் கிளாஸை ஆர்கோ கல் மேல் வைக்கும் விருந்தாளியை நான் இப்போதெல்லாம் ஆர்கோ பக்கமே உட்கார வைப்பதில்லை.

ஷேடுக்குப் புது பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உள்பக்க வெள்ளையில் பல்பைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருக்கும், அது வயதின் அத்தாட்சி. வாங்கும்போதும் அதைத்தான் தேடவேண்டும். வெளியே பெயின்ட் புதிதாக மின்னி, திருகாணித் தலைக் காடிக்குள்ளும் பெயின்ட் வழிந்திருந்தால், பிரிக்காமல் மேலோடு ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு கீறல் உள்ள அசல் பெயின்ட், புது பெயின்ட்டை விட எப்போதும் அதிக விலை போகும்.

பல்புக்கு வருவோம். இத்தாலிய ஹோல்டர் பெரும்பாலும் திருகு வகை, ஈ27, ஊரில் பழகிய முள் பல்பு அதில் ஏறாது, பல்பு ஏறவில்லை என்று ஹோல்டரை மாற்றிவிடாதீர்கள், பல்பை மாற்றுங்கள். எல்ஈடி போடுங்கள், 2700 கெல்வின் என்று போட்டிருப்பதாகப் பார்த்து, சூடு குறைவாக இருந்தால் ஷேடுக்கும் நல்லது, பழைய ஹோல்டருக்கும் நல்லது. கண்ணுக்கு நேரே தெரியும் பல்பு என்றால் உச்சியில் வெள்ளிப்பூச்சு உள்ளது வாங்கலாம். எல்லாம் மாட்டியதும் ஒரு மணி நேரம் எரியவிட்டுக் கூடவே இருங்கள், புறங்கையால் தண்டையும் ஹோல்டர் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள்.

ஆர்கோ வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் இரண்டு துடைப்பக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், மரக்கட்டை. வளைவையும் குடையையும் கழற்றித் தனியாக அனுப்பிவிட்டுக் கல்லை மட்டும் இரண்டு பேர் தூக்கவேண்டும், படி ஏறும்போது பலசாலி கீழே. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்டில் 65 கிலோக் கல்லோடு இரண்டு பேர் நிற்க இடமில்லை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் முதல் கட்டை முறிந்தது.